நாலு மணிப் பனங்கட்டி

சீனி வருத்தம் என்று தெரிந்த முதல் கிழமை, ஏழு நாளும் என் விரல்களுக்கு ஓய்வே இருக்கவில்லை. எழும்பியதும் விரலைக் குத்தி, ரத்தத்தில் எவ்வளவு சீனி என்று மெஷினில் பார்த்தேன். பஸ்ஸில் கொண்டக்டரோடு வாய்த்தர்க்கப்பட்டு வந்தாலும் குத்தினேன். கனடாவிலிருந்து மச்சான் போன் எடுத்துக் கதைத்து வைத்ததும், அவருடைய கதை சீனியை ஏற்றுமோ என்று அறியக் குத்தினேன். வெள்ளவத்தை டொக்டரம்மா மெஷினில் இருந்த எண்களை எல்லாம் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சும்மா சும்மா குத்தாதேங்கோ. விடிய வெறும் வயித்தில ஒருக்கா. பகல் சாப்பிடத் தொடங்கி ரெண்டு மணித்தியாலத்தால ஒருக்கா. தலை சுத்தி, வேர்த்து நடுங்கினா உடனே பாருங்கோ. அடுத்த கிழமையும் பின்னேரம் கூடவெண்டா, வயித்தில போடுற இன்சுலின் ஊசியைப் பற்றிக் கதைப்பம்.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நாள் முழுக்க விரலில் குத்துகிற மனிசன் ஊசிக்குப் பயப்படுவதா என்று மனைவி கேட்டாள். விரல் வேறு, வயிறு வேறு என்றேன்.

நாங்கள் பகல் இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள். ஆகவே பின்னேரச் சோதனை சரியாகத் தேத்தண்ணி நேரத்தில் வந்து விழுந்தது. கலியாணம் கட்டிய காலந்தொட்டு நாலு மணிக்கு அவள் வெறும் தேத்தண்ணி ஊற்றுவாள். நான் ஓலைக் குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியை உடைத்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். கடித்துக் குடிக்க என் கையால் உடைத்த துண்டுதான் அவளுக்கு வேண்டும். எனக்கு இனிப்புத் தடையான பிறகும் இந்த உத்தியோகத்தை நான் விடவில்லை. உடைத்துக் கொடுத்துவிட்டு, அதே கதிரையில் இருந்தபடி விரலைக் குத்துவேன்.

விடியக் காலையில் எண் நல்ல பிள்ளை. பின்னேரமோ முந்நூறுக்கு மேல். சோற்றைக் குறைத்தேன், இறங்கவில்லை. சோற்றை விட்டு அவித்த போஞ்சிக்காயைத் தின்றேன். மெஷினுக்கு இரக்கம் வரவில்லை.

டொக்டரிடம் போவதற்கு முதல் நாளும் அப்படித்தான். இரத்தம் நிற்கவில்லை என்று விரலை வாயில் வைத்தேன். இனித்தது.

“இஞ்சரும்,” என்றேன். “என்ர ரத்தமே இனிக்குதப்பா. வங்கிப் புத்தகம் எல்லாம் அலுமாரி மேல்தட்டில இருக்கு.”

அவள் என் கையைப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கீழே கடற்கரையோரம் ரயில் ஒன்று வந்து, கடந்து போய் முடிந்தது. அவள் முடிக்கவில்லை.

“அது உங்கட ரத்தமில்லையப்பா. என்ர பனங்கட்டி.”

இழுத்துக்கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டு என் கைகளைக் கழுவினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்து, வேறு விரலில் தானே குத்தினாள். நூற்று நாற்பத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது, கண் கலங்கியிருந்தது.

“இந்தக் கிழமை முழுக்க நானும் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ? இனி நானே உடைக்கிறன்.”

ஊசி என்று கேட்டபோதுகூட நான் அப்படிப் பதறவில்லை. குட்டானை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“தேவையில்லை. முதல்ல குத்துறன், பிறகு உடைக்கிறன்.”

இப்போது நாலு மணிக்குக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்துகிறேன். மெஷின் எண்ணைக் காட்டும்வரை அவளுடைய தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

“கெதியாப் பாருங்கோ,” என்பாள், உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு.