இரண்டு சிவப்புக் கோடுகள்

2005 மே மாதம். மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு உப்புநீரின் டிகிரியை, அதாவது அதன் அடர்த்தியை, அளந்து நோட்டில் எழுதுவேன். பாத்திக்கு எப்போது நீர் விடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். எங்கள் ஆபீஸ் அறையில் ஒரு வயதுப் பெண் பூனை ஒன்று இருந்தது. என் டப்பாவில் மீன் இருக்கும் நாட்களில் மட்டும் என்னை மதிக்கும்.

அந்த மாதம் அது இளைத்துக்கொண்டே போனது. வயிறு மட்டும் உப்பியது. கூடையில் வைத்து, பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன பிளாஸ்டிக் பட்டையில் அதன் ரத்தத்தைச் சொட்டு விட்டார். பத்தே நிமிடம். இரண்டு சிவப்புக் கோடுகள்.

"பூனைங்களுக்கு வர்ற கொரோனா வைரஸ்ங்க. வயிறு வேற இப்படி இருக்குது. முத்திட்டா மருந்தே கிடையாது. கஷ்டப்பட விடாம ஊசி போட்டுடலாம், யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. கருவி சொன்னால் எனக்கு அதுதான் கணக்கு. 'நாளை 11 மணி, ஊசி' என்று அன்றிரவு டைரியில் எழுதினேன்.

மறுநாள் கூடையோடு கிளம்பியபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த, என் வயதுள்ள ஓர் அம்மா விசாரித்தார். சொன்னேன். வாருபலகையை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஒரு நாளு டிகிரி ஏறிச்சுன்னு மடையத் தொறந்துடுவீங்களா சார்? மூணு நாளு பாக்கணும்னு எங்க உயிர வாங்குவீங்க. பூனைக்கு மட்டும் ஒரே தபா பாத்தா போதுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்த விதியைப் போட்டவனே நான்தான்.

புதுச்சேரி போனதும் மருத்துவரிடம், ஊசிக்கு முன்னால், அந்தக் கோடுகள் சரியாக எதைச் சொல்கின்றன என்று கேட்டேன். நேர்மையான மனிதர்.

"வைரஸ் எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்குதுன்னு மட்டும்தாங்க சொல்லும். நல்லா ஓடியாடுற பூனைக்கும் ரெண்டு கோடு வரும். நேத்தே இதச் சொல்லியிருக்கணும்."

வயிறு உப்புவதற்கு வேறு காரணம் இருக்குமா என்றேன். குடல்பூச்சியாகவும் இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் பார்ப்பதென்று முடிவாயிற்று.

தினமும் பத்து மணிக்குப் பூனையை மஞ்சப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கொக்கித் தராசில் மாட்டுவேன். டேப்பால் வயிற்றையும் அளப்பேன். "இன்னா சார், இன்னிக்கு எவ்ளோ?" என்று பாத்தியிலிருந்தே குரல் வரும். மூன்று நாள் மாற்றமில்லை. நான்காம் நாள் எடை ஐம்பது கிராம் குறைந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் ஏறத் தொடங்கியது. வயிறோ அரை அங்குலம் குறைந்திருந்தது. எண்களை உரக்கப் படித்தேன்; உப்பளமே கைதட்டியது.

பதினைந்தாம் நாள், முந்நூறு கிராம் கூடிய பூனையை மருத்துவர் மேஜையில் வைத்தேன். வயிற்றைத் தொட்டதுமே அவர் விரலைக் கடித்தது. கையை உதறிக்கொண்டே அவர் சிரித்தார்: "சாவப்போற பூனை இப்படிக் கடிக்காதுங்க!"

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அது எங்களோடு இருந்தது. எந்தக் கருவி எதைக் காட்டினாலும், அது சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்று கேட்காமல் இன்றுவரை நான் முடிவெடுப்பதில்லை. அப்படிக் கேட்கத் தவறினால் என்னை நாலு பேர் முன்னால் கேலி செய்ய ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதும் அந்தப் பூனையால்தான் எனக்குத் தெரிந்தது.