பழைய செயின்சோவும் கார்மேல் விழுந்த பலாமரமும்

விழுந்த மரத்தைப் பலகையாக அறுத்துக் கொடுப்பது என் தொழில். ஆனால் மரத்தோடு போராடுவதைவிட மெஷினோடு போராடுவதுதான் அதிகம். செகண்ட்ஹேண்ட் சாமான் எதையாவது நம்பி வாங்கி, வீட்டில் பேச்சு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

ஒரே இழுப்பில் ஸ்டார்ட்

போன வருஷம் எங்கள் செயின்சோ, அதாவது மரமறுக்கும் சங்கிலி ரம்பம், பிஸ்டன் இறுகிச் செத்துப்போனது. தப்பு என்னுடையது. காது கிழியக் கத்தினால்தான் மெஷின் பலமாக ஓடுகிறது என்று நினைத்து, பெட்ரோல் விடும் ஸ்குரூவைத் திருகிக் குறைத்து வைத்திருந்தேன். இந்த மாதிரி மெஷினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அப்புறம் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு குடியிருப்பில் விழுந்த பலாமரம் ஒன்று காத்திருந்தது. ஞாயிறு மதியத்துக்குள் அறுக்காவிட்டால் குடியிருப்பு நிர்வாகம் துண்டு துண்டாக வெட்டி அள்ளிக்கொண்டு போய்விடும். புதன்கிழமை நானும் முருகையா அண்ணனும் கிள்ளான் பக்கம் எங்கள் பண்டமாரானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் போனோம். லோரி அண்ணனுடையது, அறுக்கும்போது மெஷினின் மறுமுனையைப் பிடிப்பதும் அவர்தான். மரம் வெட்டும் தொழிலை விட்டுவிட்ட ஒரு சீன அங்கிள் பெரிய செயின்சோ ஒன்றை விற்கிறார் என்று கேள்வி. கயிற்றை இழுத்தேன்; ஒரே இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. இவ்வளவு நல்ல மெஷினை ஏன் விற்கிறீர்கள் என்று மலாயில் கேட்டேன். அங்கிள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷினுக்கு ஒண்ணும் இல்ல லா. என் முதுகுதான் ரிப்பேர்."

விடாமல் ஓடிய மெஷின்

வாங்கி வந்த மெஷினை வியாழக்கிழமை வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய கட்டையில் வைத்து அறுத்துப் பார்த்தேன். இரண்டடி போனதும் திணறியது. விசையை விட்டேன், மெஷின் விடவில்லை, தானாகவே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷினும் சாவதற்கு முன்னால் இப்படித்தான் ஓடியது.

எங்கோ காற்று உள்ளே போகிறது; காற்று கூடினாலும் பெட்ரோல் குறைந்த மாதிரிதான். கார்பரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் குழாயைச் சுற்றித் தண்ணீர் தெளித்தேன்; சத்தம் உடனே மாறியது. குழாயில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. புது ரப்பர் கிள்ளானில் எந்தக் கடையில் கிடைக்குமோ தெரியாது, ஞாயிறோ பக்கத்தில். பெட்ரோலைக் கூட்டித் திருகினால் சமாளிக்கலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். முருகையா அண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "டயர்ல ஓட்டைய வெச்சுக்கிட்டு, காத்தடிச்சு காத்தடிச்சு எத்தன நாள் தம்பி லோரி ஓட்டுவ?"

இரண்டு பேருக்கு ஒரு காது

நாலாவது கடையில் ரப்பர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை டியூனிங். கிளை வெட்டும் மெஷினுக்கு நடுநடுவே ஓய்வு உண்டு. பலகை அறுக்கும்போது பத்து நிமிஷம் முழு வேகத்தில் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே போக வேண்டும். சும்மா முழு வேகத்தில் ஓடும்போது லேசாகத் தடுமாறிப் 'படபட'க்கணும். மரத்தில் இறங்கினால் சத்தம் ஒரே சீராகணும். எல்லாரும் இதைக் காதால் கேட்டுத்தான் திருகுகிறார்கள். பதினெட்டு வருஷம் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் நின்று, எனக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதும் பாதிதான்.

முருகையா அண்ணனை எதிரே நிற்க வைத்தேன். தடுமாறினால் கையைத் தூக்க வேண்டும், சீரானால் இறக்க வேண்டும். நான் ஊசிமுனை அளவு திருகுவேன், அவர் கையைப் பார்ப்பேன், கட்டையில் அறுப்பேன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன். முதலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது; அப்படியென்றால் இன்னும் சூடு அதிகம். ஆறாவது தடவைதான் சரியான பால் டீ நிறத்துக்கு வந்தது. நிமிர்ந்தால், வேலியோரம் பக்கத்து வீட்டு ஆன்டி. "காலையிலேர்ந்து சத்தம் கேக்குது, ஒரு பலகையையும் காணோம். மரத்த அறுக்குறீங்களா, இல்ல மரத்துக்குப் பாட்டுப் பாடுறீங்களா?"

ஞாயிறு மதியத்துக்குள்

ஸ்ரீ கெம்பாங்கான் மரம் கஸ்தூரி அக்காவுடையது. தனியாக இருக்கும் நர்ஸ். புயல் மழையில் அந்தப் பலா அவர் கார்மேல் விழுந்தது; கடன் கட்டி முடித்து மூன்றே மாதம் ஆன கார். அந்த மரத்தில்தான் தனக்குச் சாப்பாட்டு மேசை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். ஒவ்வொரு பலகை முடிந்ததும் மெஷினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு ஆற வைத்தேன். நிர்வாகத்துக் காவலாளிக்கு அது பிடிக்கவில்லை. "சும்மாதான ஓடுது, அறுங்க பாஸ், மரத்த அள்ள லோரி வந்துரும்" என்றார். நாலாவது பலகையில், யாரோ எப்போதோ துணிக்கொடி கட்ட அடித்த ஆணியில் செயின் பட்டது. பல்லெல்லாம் மழுங்கிப்போயிற்று. மணி பதினொன்று. அழுத்தித் தள்ளினால் எப்படியாவது போகும் என்று கை பரபரத்தது. நான் தரையில் உட்கார்ந்து, அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினேன். அரை மணி நேரம் ஆனது. காவலாளி என்னவோ சொன்னார். நல்லவேளை, என் வலது பக்கம் நின்று சொன்னார்.

பன்னிரண்டுக்குச் சில நிமிஷம் இருக்க ஐந்தாவது பலகை விழுந்தது. மஞ்சள் கட்டி மாதிரி நிறம். கஸ்தூரி அக்கா குனிந்து தடவிப் பார்த்தார். மேசை செய்யப் பலகை ஒரு வருஷமாவது காய வேண்டும் என்றேன். "என் காரை நசுக்க ஒரு நிமிஷம், என் சோத்துத் தட்டைத் தாங்க ஒரு வருஷமா? பரவால்ல தம்பி, நான் எங்கயும் போகல."

மூன்று நாள் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு காலையில் ஐந்தே பலகை அறுத்துக் கொடுக்கிறவனைக்கூட இந்த ஊர் தொழில் தெரிந்தவன் என்று நம்புகிறது.