இந்தி படிக்கக் காசிக்குப் போனேன்

பட்டுக்கடையில் வாய் உள்ளவன் முன்னால் உட்காருவான், விரல் உள்ளவன் பின்னால் உட்காருவான். எனக்கு விரல்தான். வாங்க வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளைப் பழைய மடிப்புப் பிசகாமல் மடித்து அடுக்குவது என் வேலை. பிழைப்புக்காக இன்னொரு பாஷை கற்று வா என்று யாராவது உங்களையும் ரயில் ஏற்றியிருந்தால் இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

ஓர் எழுத்து

அறுபதுகளின் நடுவில் வடக்கேயிருந்து யாத்ரீகர்கள் பஸ் பஸ்ஸாகக் காஞ்சிபுரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வரதரைப் பார்ப்பார்கள். காமாட்சியைப் பார்ப்பார்கள். எங்கள் கடைக்கு வந்து புடவையைப் பார்ப்பார்கள். பிறகு எதிர்க்கடைக்குப் போய் வாங்குவார்கள். அங்கே இந்தி தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. காசியில் அவருக்குத் தெரிந்த பட்டு வியாபாரி ஒருவர் உண்டு. அவர் கடையில் ஓர் ஆளை ஆறு மாதம் உட்கார வைத்தால் இந்தி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று முடிவு செய்தார்.

பேசத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டால் கடையில் யார் பேசுவது? ஆகவே பேசத் தெரியாதவனை அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. தமிழிலேயே எனக்குப் பேச்சு வராதே என்று, அந்த வராத பேச்சிலேயே சொல்லிப் பார்த்தேன். முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "காஞ்சிக்கும் காசிக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்துதான்பா வித்தியாசம். ஆறு மாசத்துல ஒரு எழுத்து கத்துக்க மாட்டியா?"

தாருக்குக் கீழே

இந்தி எழுத்தைக் கண்ட இடத்தில் தார் பூசிய காலம் அது. ரயில் நிலையப் பலகை, தபால் ஆபீஸ் பலகை, ஒன்றும் தப்பவில்லை. பூசியவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். என் மனசும் அவர்கள் பக்கம்தான். சம்பளம் மட்டும் முதலாளி பக்கம் இருந்தது. அதனால் நான் காசி யாத்திரை போவதாக ஊரில் சொல்லிவைத்தோம். இந்திப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, மேலே 'பக்திப் பாடல்கள்' என்று என் கையாலேயே எழுதினேன்.

உண்மை தெரிந்த வெளியாள், பக்கத்துக் கிராமமான தாமலில் இருந்த என் மாமா ஒருவர்தான். அவர் மகள் சரோஜா எனக்கு என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. அது பேச்சோடு நின்றிருந்தது. புடவை மடிக்கிறவனுக்குப் பெண் கொடுத்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மாமாவுக்கு நா எழவில்லை. வழியனுப்ப வந்தவர், தார் வழிந்து காய்ந்திருந்த பலகைக்குக் கீழே என் பையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வந்து முன்னால உக்காந்தீனா பொண்ணு உனக்கு. பின்னாலயே உக்காந்துக்கினு இருக்கறதுன்னா காசியிலயே இருந்துடு மாப்ள. புண்ணியமாவது மிஞ்சும்."

சத்திரம்

காசியில் என்னைத் தமிழர் சத்திரம் ஒன்றில் தங்க வைத்தார்கள். காலையில் இட்லி, மத்தியானம் ரசம், சாயங்காலம் ஊர் வம்பு, எல்லாம் தமிழில். இந்தி கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள், மதுரைக்காரர்கள் வந்தார்கள். 'ஏனுங்க'வும் 'வாங்கிட்டு வாங்கண்ணே'வும் எனக்கு நன்றாகத் தேறிவிட்டன.

நான் இந்தி படிக்க வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திருநெல்வேலி அம்மாள் ஒருவருக்குப் பித்தளைச் செம்பு வேண்டியிருந்தது. நான் முன்னால் நின்று பேசினேன். கடைக்காரர் யோசித்து ஒரு பூட்டை எடுத்து வைத்தார். மறுபடி பேசினேன். சாவியையும் எடுத்து வைத்தார். அந்த அம்மாள் என்னை மெதுவாக ஓரமாகத் தள்ளினார்: "எய்யா, நீ பேசுதது அவனுக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல. நீ சும்மா நில்லு, நான் கையக் காட்டி வாங்கிக்கிடுதேன்."

ஆணும் பெண்ணும்

பகலெல்லாம் முதலாளிக்குத் தெரிந்த அந்தப் பட்டு வியாபாரி சேட்டின் கடையில் இருப்பேன். இந்தியில் புடவை பெண்பால். நியாயம்தான். ஆனால் அதன் முந்தானை ஆண்பால். கரை மறுபடி பெண்பால். ஒரே தறியில், ஒரே நாளில் நெய்த துணிக்கு இத்தனை தகராறு. புத்தகத்தை மூடிவிட்டுக் காதை நம்பினேன். வருகிறவர்கள் சொல்வதை ஓர் எழுத்துப் பிசகாமல் மனசில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினேன். எதையும் மடிப்புக் கலையாமல் வைப்பதில் எனக்குக் குறை சொல்ல முடியாது. 'மைன் ஆத்தீ ஹூம்', நான் வருகிறேன். 'மைன் தேக்தீ ஹூம்', நான் பார்க்கிறேன். நான் வாயைத் திறந்தாலே கடையில் எல்லோருக்கும் சிரித்த முகம். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழில் 'வருகிறேன்' என்றால் ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். இந்தியில் ஆண் வேறு மாதிரி வர வேண்டும். புடவைக்கடைக்கு வருகிறவர்கள் யார்? பெண்கள். நான் அவர்களிடமிருந்துதான் அத்தனையும் கற்றிருந்தேன். ஐந்தாம் மாதக் கடைசியில் சேட்டுக்கு என் மேல் இரக்கம் வந்தது. அவர் இந்தியில் சொன்னதைச் சத்திரத்துக் கணக்குப்பிள்ளை எனக்கு விளக்கினார்: "தம்பி, உன் இந்தி ரொம்ப சுத்தமா இருக்காம். கல்யாணம் ஆனதும் அதை அப்படியே உன் பெண்டாட்டிக்குக் கொடுத்துடுன்னு சொல்றார்."

தீர்த்தம்

ஊர் திரும்பியபோது தெருவே கங்கைத் தீர்த்தத்துக்காகக் காத்திருந்தது. என்னைவிட மூத்தவர்கள் என் காலில் விழுந்தார்கள். போன மாசி மாதம் தார் டின் தூக்கிய பையனும் விழுந்தான். பழுப்பு அட்டைப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரிக்கப் பார்த்தான். பிடுங்கிக்கொண்டேன்.

கடையில் முதலாளி, "எங்கே, பேசு" என்றார். ஆறு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கும் இந்தி தெரியாது. ராமாயணத்தை ராவணன் வீட்டுக் கதை என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். எனக்கோ, நான் ஆணாகப் பேச வேண்டுமே என்ற கவலையில் ஒரு சொல்லும் வரவில்லை. முன்வரிசையில் முதல் ஆளான தனபால், புடவை காட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "காசிக்குப் போனா எதையாச்சும் வுட்டுட்டு வரணும்பாங்க. நீ இந்திய வுட்டுட்டு வந்துட்டியாப்பா?"

கார் வந்தது

முதலாளி மட்டும் நம்பிக்கை விடவில்லை. அடுத்த வடக்கத்தி வாடிக்கையை நான்தான் பார்க்க வேண்டும், தேறாவிட்டால் பழையபடி பின்னால் போய்விட வேண்டும் என்றார். மாமா தாமலிலிருந்து இரண்டு தடவை வந்து, கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. முக்காடு போட்ட பெண்கள் நாலு பேர், கல்யாண வீட்டுக்காரர்கள். முதலாளி என்னைப் பார்த்தார். தனபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

நான் தொடங்கினேன். நான் ஆண், புடவை பெண், முந்தானை ஆண் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பேசினேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் வியர்த்துவிட்டது. மூத்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "இன்னாபா இது, அப்போலேர்ந்து கஷ்டப்பட்டுக்கினு கீறே? நாங்க சவுகார்பேட்ட. எங்க தாத்தா காலத்துலேர்ந்து மெட்ராஸ்லதான் கீறோம். தமிழ்லயே சொல்லு" என்றார்.

தமிழ் என்றதும் என் வாய் வழக்கம்போல மூடிக்கொண்டது. விரல் புடவையைப் பிரித்தது. கேட்டதற்கு ஆமாம் என்றேன், இல்லை என்றேன். ஒரு புடவைக்கு, "வேண்டாம், இது அந்தப் பெண்ணுக்குக் கனம்" என்றேன். தனபால் பொறுக்க மாட்டாமல் நடுவில் வந்து மயில்கழுத்து நிறத்தைப் புகழ ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஒன்பது புடவை எடுத்தார்கள். பில் போடும்போது முதலாளியிடம் சொன்னார்: "அடுத்த தபா வந்தாலும் இந்த ஆளையே காட்டச் சொல்லுபா, தலநோவு இல்ல. ஆனா இந்தி மட்டும் பேசக் கூடாதுன்னு சொல்லி வெய்யி."

அந்தத் தை மாதம் சரோஜாவுக்குத் தாலி கட்டினேன். இந்தி பேசாமல் இருப்பதற்காக மாதம் பதினைந்து ரூபாய் கூடுதலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தவன், எனக்குத் தெரிந்து, எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.