மொம்பாசாவில் ஓர் ஆடி அமாவாசை

ஹனோவரிலிருந்து கென்யாவுக்குக் கடற்கரை விடுமுறைக்குப் போன வருடம் அம்மா ஒரேயொரு பிழை விட்டார். பயணத்தைப் பதிவு செய்யுமுன் கோயில் கலண்டரைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் விடுமுறையின் நட்டநடுவில் ஆடி அமாவாசை வருகிறது என்று தெரிந்தது. தகப்பனை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து, தீர்த்தமாடி, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் தாங்கள் சாப்பிட வேண்டும். வருடம் முழுவதும் கடவுளை மறந்திருக்கக்கூடிய என் அப்பா, அந்த ஒரு நாளை மட்டும் மறக்கமாட்டார்.

"அப்ப நான் நிக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ" என்றார் அப்பா.

"அங்க கடல் இருக்குத்தானே? இஞ்ச பாத்றூமுக்குள்ள முழுகிறதைவிட அது திறம்" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் வழக்குகள் இப்படித்தான் ஒரு வாக்கியத்தில் முடியும்.

இலங்கைக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு இப்படித் தடை செய்யப்பட்டிருக்கும் என்றே நான் ஒன்பது வயதுவரை நம்பினேன். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண்ணிடம், உன்னை எந்த நாட்டுக்கு விடமாட்டார்கள் என்று கேட்டும் இருக்கிறேன். அம்மாவுக்கோ தென்னை மரமும் காலைச் சுடுகிற மணலும் வேண்டும். மொம்பாசாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரிசோர்ட்டின் விளம்பரப் படத்தில் இரண்டும் தாராளமாக இருந்தன.

அப்பாவின் கவலை காகத்தைப் பற்றியது. இளம் வயதில் அவர் அப்பப்பாவிடம் சொல்லாமலே ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தவர். ஒரே மகன். அந்தக் கோபத்தில் அப்பப்பா கடைசிவரை அவருடன் தொலைபேசியில் பேசவில்லை. அப்பப்பா இறந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது அப்பப்பாவின் தம்பி மகன், ஒரு பெறாமகன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பா எங்கள் பல்கனியில் சோறு வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஹனோவர்க் காகங்கள் எதிர்க் கூரையில் இருந்தபடி பார்க்கும். வராது. புறாக்கள் வந்து தின்றுவிட்டுப் போகும்.

"ஜெர்மன் காகத்துக்கு எங்கட வழக்கம் எங்க தெரியப்போகுது?" என்று அம்மா சமாதானம் சொல்வார்.

"இல்லை, ஐயாவுக்கு இன்னும் கோபம் ஆறேல்லை" என்பார் அப்பா. ஐயா என்றுதான் அவர் தன் தகப்பனை அழைப்பது.

ரிசோர்ட்டில் முதல்நாள் காலையிலேயே அப்பா என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். தென்னை மரத்தில் காகங்கள். ஹனோவரில் இருப்பவை போல முழுக் கறுப்பு அல்ல; கழுத்தில் சாம்பல் நிறம்.

"பார் பிள்ளை, எங்கட காகம்!"

மற்ற விருந்தினர் குரங்குகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அப்பா காகங்களைப் படமெடுத்தார். இந்த வருடம் ஐயா வந்து சாப்பிடுவார் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஆனால், மேசையில் இருக்கும் பாண் துண்டுகளைப் பறித்துக்கொண்டு போவதால் காகங்களை விரட்டுவதற்கென்றே அங்கே ஓர் ஆளை வைத்திருந்தார்கள். பச்சைச் சட்டை, கையில் கல்லெறியும் கெற்றப்போல். காகத்துக்கு உணவு போடக்கூடாது என்று மேசைக்கு மேசை ஜெர்மன் மொழியிலும் எழுதி வைத்திருந்தது. அப்பா அதை வாசித்துவிட்டு, வாசிக்காதவர் போல இருந்தார்.

அமாவாசையன்று காலை, வேட்டி கட்டிக்கொண்டு அப்பா தீர்த்தமாடப் போனார். கடலைக் காணவில்லை. முதல்நாள் பின்னேரம் நாங்கள் உட்கார்ந்திருந்த கதிரைக் கால்வரை வந்த தண்ணீர் எங்கோ தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இடையில் பாசியும் பாறையும்தான். அமாவாசைக்கு அந்தக் கரையில் கடல் அப்படி வற்றிப்போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா நடந்தார், நடந்தார், கணுக்காலளவு தண்ணீரைக் கண்டதும் பொறுமை இழந்து அதிலேயே குப்புறப்படுத்துப் புரண்டு தலையை நனைத்தார். குடைக்குக் கீழே படுத்திருந்த ஒரு ஜெர்மன்காரி பதறிப்போய், அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டாள். "ஒன்றுமில்லை, குளிக்கிறார்" என்று சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இதற்கிடையில் அம்மா அறைப் பல்கனியில் சமையலை முடித்திருந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் இறைச்சிக்குள் போன கரண்டி சோற்றுக்குள்ளும் போய்வரும் என்பதால், உடுப்புகளுக்கு நடுவில் றைஸ் குக்கரைப் பொதிந்து கொண்டுவந்திருந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்க் கறி. கடற்கரையில் பழம் விற்ற பெண்ணிடம் வாழையிலையும் வாங்கியாயிற்று. அப்பா சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியுடன் இலையை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்; பின்னால் அம்மாவும் நானும். எதிரே கெற்றப்போல்காரர் நின்றார்.

"பிள்ளை, அவரிட்டச் சொல்லு, கொஞ்சநேரம் காகத்தைக் கலைக்கவேண்டாமெண்டு."

"ஏனெண்டு கேட்டால்?"

"அப்பப்பா சாப்பிட வாறார் எண்டு சொல்லு."

ஜெர்மன் விருந்தினரோடு பழகிக் கெற்றப்போல்காரருக்கு அந்த மொழி நன்றாகவே வரும். நான் அப்பா சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அவர் வயதான ஒருவரைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் மரத்தில் இருந்த காகத்தைக் காட்டினேன். அவர் காகத்தைப் பார்த்தார், அப்பாவின் வேட்டியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இறந்துவிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். இங்கே வைத்தால் மனேஜர் காண்பார், என்னோடு வாருங்கள் என்று எங்களைச் சலவைக்கூடத்தின் பின்புறத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே துவாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் குப்பைவாளிகள்.

"ஐயாவுக்குக் குப்பைவாளிக்குப் பக்கத்திலயோ இலை போடுறது?" என்று அப்பா தயங்கினார்.

"வாறவர் எங்கயெண்டாலும் வருவார். நீங்கள் வையுங்கோ" என்றார் அம்மா.

அப்பா இலையைக் குட்டிமதிலில் வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. காகங்கள் வந்தன. சலவைக்கூடத்துக் கூரையில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. அப்பா மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். கடைசியில் துவாய்க்கொடிக்குக் கீழே குந்திவிட்டார்.

"பாத்தீரே? இஞ்சயும் வரேல்லை. இனி எந்த நாட்டில போய்க் கூப்பிடுறது?"

காலையிலிருந்து எனக்கு நல்ல பசி. அவருடைய முகத்தைப் பார்த்ததும் பசி எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அம்மாதான் கவனித்தார். கூரையில் இருந்த காகங்கள் இலையையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், கைகட்டி மரியாதையாக நின்ற பச்சைச் சட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தன. கெற்றப்போல் அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, ஐயாவுக்குக் கோபமில்லை. அந்தத் தம்பியைக் கண்டு பயம். அவரை உள்ளுக்குப் போகச் சொல்லுங்கோ."

"உதவி செய்ய வந்த மனிசனைப் போ எண்டு சொல்லுறதோ? என்னால ஏலாது" என்றார் அப்பா. உதவிக்கு நின்றவரே இடைஞ்சலாகிவிட்ட நிலைமை. ஆனால் அப்பாவின் மரியாதை அப்பாவின் துக்கத்தைவிடப் பிடிவாதமானது.

அம்மா என்னைப் பார்த்தார். நான் போய் ஜெர்மனில் விடயத்தைச் சொன்னேன். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். லீவு நாளில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் இவை தன்னை அடையாளம் கண்டுவிடும் என்றார். பிறகு சலவைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு காகம் இறங்கியது. மதிலில் தத்தித் தத்தி வந்து, தலையைச் சரித்துப் பார்த்து, ஒரு துண்டு வாழைக்காயை எடுத்தது. பிறகு சோற்றில் வாய் வைத்தது.

அப்பா எழுந்து கைகூப்பினார். "சாப்பிடுங்கோ ஐயா" என்றார். காகத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வியந்தேன். கொஞ்சம் பொறுத்து, "சோறு குழைஞ்சு போச்சு, மன்னியுங்கோ" என்றார். அதோடு நிற்கவில்லை. "மன்னியுங்கோ ஐயா, மன்னியுங்கோ" என்று சொல்லிச் சொல்லித் தோள்கள் குலுங்க அழுதார். தன் சமையலைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே இரண்டு நாள் முகம் கொடுக்காத அம்மா, கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சோறு குழைந்ததற்குப் போய் ஒருவர் இப்படி அழுவாரா? எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காகத்துக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்:

"அப்பாவில பிழையில்லை, அப்பப்பா. சமைச்சது அம்மா."