நேரத்துக்கு முன் திறந்த டெண்டர் பெட்டி

அடையாற்றுச் சாலைக்கு ஜல்லி ஏற்றும் கண்ட்ராக்ட் கிடைத்தால்தான் எங்கள் வண்டி மாடுகளை விற்காமல் இருக்க முடியும். அறிவித்த நேரத்துக்கு நானும், ஊரே நைனா என்று கூப்பிடும் என் அப்பாவும் டெண்டரோடு போனோம். அதற்குள் பெட்டியைத் திறந்து, மயிலாப்பூர் வண்டிக்காரர் காதர் பாய்க்கு வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

"படிச்ச புள்ள நீ, சொம்மா நின்னுகினு கீறியே! எழுதுடா," என்றார் நைனா. ஆட்சேப மனு கொடுத்தேன்.

விசாரணையில் குமாஸ்தா, "நேரத்துக்குத்தான் திறந்தோம்" என்று சாதித்தார். அதிகாரி பாயைக் கேட்டார்.

"முன்னாடியே தொறந்துட்டாங்க சார். புள்ள சொல்றது நெஜம்." கையில் இருந்த வேலை போய்விடும் என்று தெரிந்தே அவர் சொன்னார்.

மறு டெண்டரை எங்கள் கண்ணெதிரே திறந்தார்கள். பாயின் விலையே குறைவாக இருந்தது.

நைனா சிரித்தார். "ஜெயிச்சுட்ட பாய். எம் மாட்டுக்கு யாரு வைக்கோல் போடுறது?"

"ஓட்டிக்கினு வா நைனா. எனக்கும் வண்டி பத்தல."

மனுவில் அவரை எதிராளி என்று எழுதியிருந்தேன். இன்று அப்படி எழுத எனக்குக் கை வராது.