உன் வண்டில லைட்டு எரியுது

வெர்லீன் டேட்டம் ஓடெல் ஊர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் முப்பத்தொரு வருடமாகப் பியானோ வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் விரல்கள் ஆண்டவருக்கு. மற்ற ஆறு நாளும் அவள் காது பைன்வுட் ஜங்ஷன் என்ற இசைக்குழுவுக்கு. மூன்று கிடார், இரண்டு டிரம், தாடி வைத்த ஆறு தடியன்கள். அந்தக் குழுவின் இரட்டை இசைத்தட்டு இல்லாத வீடு தெற்கு ஜார்ஜியாவில் ஒன்றே ஒன்று, அது பாதிரியார் வீடு என்று சொல்வார்கள். அங்கேயும் அலமாரிக்குப் பின்னால் ஒன்று இருப்பதாகப் பாதிரியார் மனைவியே வெர்லீனிடம் உளறியிருக்கிறாள்.

அந்தத் தட்டு பதிவானது ஓடெல் பொருட்காட்சி மைதானத்தில், 1974 ஜூலையில். நாலாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினேழு நிமிடம். அதற்கு ஒழுங்கான பெயர் உண்டு; ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. "நீளப் பாட்டு" என்றால் போதும். அது தொடங்குவதற்கு முன்னால், கைதட்டல் அடங்கும் நேரத்தில், ஒரு பெண்குரல் கணீரென்று கேட்கும்.

"ஏய், உன் வண்டில லைட்டு எரியுதுடா!"

கூட்டம் சிரிக்கும். பாடகன் மைக்கில் சொல்வான்: "கேட்டியா தம்பி? போய் அணைச்சிட்டு வா. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்." உடனே கிடார் எழும்.

அதிலிருந்து அந்தக் குழு எந்த ஊரில் வாசித்தாலும், நீளப் பாட்டுக்கு முன்னால் கூட்டமே சேர்ந்து அதைக் கத்தும். அந்த விளக்கு மனிதனின் ஆன்மா என்று கல்லூரிக்காரன் ஒருவன் பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினான். வெர்லீன் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். லைட்டு என்றால் லைட்டுதான். கத்தியவளுக்குத் தெரியாதா?

கத்தியவள் அவள்தான். அப்போது வயது பத்தொன்பது. ஹார்லன் ஸ்விண்ட் என்பவனின் தோளில் உட்கார்ந்திருந்தாள். மதியம் இடி மழை அடித்து ஓய்ந்திருந்தது. உயரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் நிறுத்திய வண்டிகளெல்லாம் தெரிந்தன. நடுவே ஒரு நீல நிற பிக்கப்பில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹார்லனுடையதும் நீல பிக்கப். அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக் கத்தினாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுது அந்தக் கோடில நிக்குது. இது எந்த மடையனோடதோ," என்றான். அத்தோடு முடிந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குள் ஹார்லனோடு இருந்த பழக்கமும் முடிந்துபோனது.

அடுத்த வருடம் அவள் கட்டிக்கொண்டது ட்யூயி டேட்டமை. புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், தங்கமான மனுஷன். ஆனால் ஹார்லன் பெயரைச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் ஹார்லன் உட்கார்ந்தால் இவன் ஏழாவதுக்குப் போவான். ஒருமுறை கூரை ஒழுகியபோது, ஹார்லனிடம் ஏணி கேட்பதற்கு நனைவதே மேல் என்று நனைந்தான்.

அதே ட்யூயிக்குத்தான் அந்தத் தட்டு உயிர். அன்றைக்குத் தானும் அங்கே இருந்ததாக நாற்பது வருடமாகப் பெருமை அடிக்கிறான். "நீளப் பாட்டு வாசிக்கிறப்ப அந்த கிடார்க்காரன் ஒத்தக் கால்ல நின்னான், கண்ண மூடிக்கிட்டு! நான் பாத்தேன்." கிடார்க்காரன் இரண்டு காலில்தான் நின்றான், வாயில் சிகரெட்டோடு. வெர்லீன் திருத்தியதில்லை. வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போட்டு, சரியான இடத்தில் அவன், "லைட்டு எரியுதுடா!" என்று கத்துவான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். இன்னொருத்தன் தோளில் இருந்து கத்தியதை எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே காலம் போயிருக்கும். இந்த ஜூலையில் குழுவில் மிச்சமிருக்கும் இரண்டு கிழவர்கள் அதே மைதானத்துக்கு வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கூடவே ரேடியோவில் ஒரு வேண்டுகோள்: அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இருந்தால் சனிக்கிழமை மேடைக்கு வந்து கத்தட்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் வெர்லீன் பட்டர்பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு ட்யூயியின் பட்டறைக்குப் போனாள். ரேடியோவில் மேக்கன் ஊர்க்காரி ஒருத்தி, நான்தான் அது என்று கத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ட்யூயி. "இவளாத்தான் இருக்கும்."

வெர்லீனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் இவன் மனசு உடையும். சொல்லாவிட்டால் தன் குரலை எவளோ தூக்கிக்கொண்டு போவாள்.

"இவளா? தகர டப்பாவ உருட்டின மாதிரி இருக்கு! அது நான்டா, ட்யூயி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"நான்தான். ஹார்லன் தோள்ல உக்காந்திருந்தேன். அவன் வண்டின்னு நெனச்சுக் கத்தினேன். போதுமா? இப்பத் திட்டு."

ட்யூயி ஸ்பேனரைக் கீழே வைத்தான். அடுத்தடுத்து மூன்று முறை கையைத் துடைத்தான்.

"ஹார்லன் வண்டில லைட்டு எரியல," என்றான்.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"எரிஞ்சது என் வண்டில."

ரேடியோவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது காதில் விழவில்லை.

"மழைல போட்டுக்கிட்டு வந்தேன், அணைக்க மறந்துட்டேன். எவளோ கத்தினா. அப்பனோட வண்டி, ஓடினேன். பேட்டரி எறங்கிப் போயி வண்டி ஸ்டார்ட்டே ஆகல. இன்னொரு வண்டி பேட்டரியோட சேக்குற வயர் வச்சிருக்கிறவன் ஒருத்தனத் தேடிப் பிடிச்சு, வண்டியக் கெளப்புறதுக்குள்ள பாட்டே முடிஞ்சு போச்சு."

"அப்ப நீளப் பாட்டு?"

"வேலிக்கு அந்தப் பக்கம், பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கேட்டேன்."

"ஒத்தக் காலு?"

"எவனோ சொன்னான்." அவன் காது சிவந்துவிட்டது. "அங்கயே இருந்துட்டு, அதப் பாக்கலன்னு எப்படிம்மா சொல்றது?"

வெர்லீன் கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாற்பது வருடமாக எந்த மடையனோ என்று நினைத்திருந்தவனுக்குத்தான் தினமும் சோறு போட்டிருக்கிறாள்.

"அப்ப நீ கத்தினது அவனுக்கில்ல," என்றான் ட்யூயி மெதுவாக.

"அவனுக்குத்தான் கத்தினேன், மனுஷா."

"கேட்டு ஓடினது யாரு?"

அவன் சோள ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். நாற்பது வருட வழக்கில் ஜெயித்தவன் போல முகத்தில் அப்படி ஒரு களை.

சனிக்கிழமை சாயங்காலம் மேடையில் மூன்று பெண்கள் நின்றார்கள். மேக்கன்காரி கத்தினாள், டிஃப்டன்காரி ஒருத்தி கத்தினாள். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. வெர்லீன் மைக்கைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்து, பத்தொன்பது வயதில் எங்கிருந்து எடுத்தாளோ அங்கிருந்தே எடுத்தாள்.

"ஏய், உன் வண்டில லைட்டு எரியுதுடா!"

நாலாவது பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கிழட்டுக் கிடார்க்காரன் தொப்பியைக் கழற்றினான். அவன் மைக்குக்கு வருவதற்குள், முன்வரிசையிலிருந்து ட்யூயியின் குரல் வந்தது.

"அணைச்சிட்டேன்டி! ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வந்தேன்!"

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் கிடார் எழுந்துவிட்டது. பதினேழு நிமிடமும் வெர்லீன் மேடை ஓரத்தில் நின்று ட்யூயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இமைக்காமல், நீளப் பாட்டை அவன் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.