மஞ்சள் வைத்த மரத்திரை

என் அக்கா புருஷனுக்கு எதையும் மூளியாக ஒருவர் கையில் கொடுக்க மனசு வராது. ஒரு சீப்பு வாழைப்பழம் என்றாலும் மேலே ஒரு முழம் பூ இருக்கும். கீரப்பாளையத்தில் நெல் பயிரிட்ட குடும்பம். இவர் சிதம்பரத்தில் ஜன்னல் திரைக் கடை வைத்திருக்கிறார். நான் கடலூரில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கும் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். மாமா முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து மரத்திரைகளை வரவழைத்தபோது தாள்களை நான்தான் எழுதினேன்.

மெல்லிய மரப் பட்டிகளைக் கயிற்றில் கோத்த திரை அது. இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். சுங்கத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரு தலைப்பு உண்டு. கதவு, ஜன்னல் என்று கட்டடத்தோடு சேருகிற தச்சுப் பொருள்களுக்கு ஒன்று. அதில் அடங்காத மரச் சாமான்களுக்கு வேறொன்று. தொங்கும் திரை இரண்டாவதில்தான் வரும் என்று எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

சென்னையில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரக்கை நிறுத்திவைத்து, மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். வரி கூடுமோ என்பதல்ல எங்கள் கவலை. பொய் சொல்லிச் சரக்கு இறக்கிய ஆள் என்று மாமாவின் பேர் கோப்பில் ஏறிவிட்டால் பிறகு அதை அழிக்க முடியாது. விற்ற கம்பெனி முன்பே அனுப்பிய மாதிரித் திரை ஒன்று கடையில் இருந்தது. போன் செய்தேன்.

"மாமா, அந்த சாம்பிள எடுத்தாங்க. ஆபீசர் பாக்கப்போறாரு, நல்லா பளிச்சுன்னு இருக்கட்டும்."

"அத எங்கிட்ட உடு மச்சான்," என்றார்.

வந்தது வந்தபடியே இருக்கட்டும், எதையும் சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த ஆபீசில் குப்பை கொட்டியவன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

கடலூர் பஸ் நிலையத்தில் சேர்ந்துகொண்டோம். போர்வை சுற்றிக் கயிறு கட்டிய சாமானோடு இறங்கினார். தூக்கிப் பார்த்தேன், திரைக்கு இவ்வளவு கனம் ஏது? "பிரிக்காத, அங்க போயி பாத்துக்க," என்று சிரித்தார். சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

அதிகாரியின் மேசையில் பிரித்தார். அடக் கடவுளே! தேக்கில் புதுச் சட்டம், பித்தளைக் கீல், பளபளவென்று பாலிஷ். அதற்குள் திரையைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். மேல் மூலைகளில் மஞ்சள் குங்குமம் வேறு.

"இது ஜன்னல்தானே? பொட்டே வெச்சிருக்கீங்க. பேப்பர்ல மட்டும் ஏன் வேற எழுதியிருக்கு?" என்றார் அதிகாரி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாரு மாமா உங்கள இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"மூளியா எப்புடி மச்சான் கொண்டாறது?"

ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு திருகாணியாக அவரே கழற்றினார். கடைசியில் மேசைமேல் கயிறும் பட்டியுமாகத் திரை மட்டும் கிடந்தது. அதிகாரி தூக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, நான் எழுதிய தலைப்பு சரிதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாதிரிய மாத்திக் கொண்டாரச் சொன்னது யாரு? உங்க ஆபீசா?"

ஆம் என்றால் எங்கள் ஆபீசின் லைசென்ஸுக்கே வில்லங்கம். என் வேலை போயிருக்கும். பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன், மற்றதைச் சொல்லத் தவறியதும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"யாருமில்ல சார். அவுருக்கு ஒண்ணுந் தெரியாது. நானா செஞ்சது," என்றார் மாமா.

சரக்கு வந்தது. மாதிரியை மாற்றிக் காட்டியவர் என்று மாமாவின் பேர் கோப்பில் ஏறியது. அதன்பின் அவர் சரக்கு எது வந்தாலும் பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்றாவது தடவையோடு வரவழைப்பதையே விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும், பாவி எனக்கு.

போன மாதம் அந்த மாதிரித் திரையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார், மேலே ஒரு முழம் மல்லிகையோடு. அவரே ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலில் மாட்டினார்.

"திருகாணி ஓட்டைங்க தெரியுது மச்சான். மூளியா குடுக்குறன்னு நெனச்சிக்காத," என்றார். "கயித்த இழுத்துப் பாரு, சரியா ஏறுதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"நல்லா ஏறுது மாமா," என்றேன்.